இணைப்பு எங்கே? வெளிநாட்டில் படித்த மருத்துவரின் சான்றுகளைச் சரிபார்க்கப் புதிதாக வந்தவர்களுக்கு

மருத்துவமனையின் நியமனப் பிரிவில் புதிதாக வந்து உட்காருபவர்களிடம் முதல் நாளே ஒரு தாளின் கதையைச் சொல்வது என் வழக்கம். அமெரிக்காவின் ஓரிகன் மாநில மருத்துவ வாரியம் வழங்கிய உரிமச் சான்று அது. குஜராத்தின் ஜாம்நகரில் பிறந்து, இந்தியாவில் மருத்துவம் படித்து, அமெரிக்காவில் பல ஆண்டுகள் அறுவை மருத்துவராக இருந்த ஜயந்த் படேல், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் பதிவு கேட்டபோது அதைக் கொடுத்தார். உரிமத்தின் நிலை என்ன என்ற இடத்தில், பொது ஆணை ஒன்று கோப்பில் இருக்கிறது, இணைப்பைக் காண்க என்று இருந்தது. இணைப்பு கூட வரவில்லை. அது எங்கே என்று சரிபார்த்தவர்கள் கேட்கவும் இல்லை.

கேட்டிருந்தால், கணையத்திலும் கல்லீரலிலும் அவர் அறுவை செய்யக் கூடாது என்றும், சிக்கலான வேறு அறுவைகளுக்கு முன் இன்னொரு மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும் என்றும் 2000-ஆம் ஆண்டில் ஓரிகன் வாரியம் கட்டுப்படுத்தியிருந்தது தெரிந்திருக்கும். மறு ஆண்டு நியூயார்க்கில் உரிமத்தையே ஒப்படைத்துவிட்டார் என்பதும் அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போனால் கிடைத்திருக்கும். 2003-இல் குவீன்ஸ்லாந்தின் பண்டபர்க் நகர அரசு மருத்துவமனையில் சேர்ந்த அவர், விரைவிலேயே அறுவைப் பிரிவுக்கு இயக்குநரானார். அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவின் பொறுப்புச் செவிலியராக இருந்த டோனி ஹாஃப்மன், நோயாளிகள் படும் பாட்டைக் கண்டு மேலிடத்துக்குச் சொல்லிப் பார்த்தார், எழுதிப் பார்த்தார். கடைசியில் உள்ளூர்ச் சட்டமன்ற உறுப்பினரின் வாசலுக்குப் போனார். 2005 ஏப்ரலில் ஹெட்லி தாமஸ் என்ற பத்திரிகையாளர் மருத்துவரின் பெயரைக் கூகுளில் தேடினார். அமெரிக்க ஆணைகள் அப்படியே வந்து நின்றன. இரண்டு ஆண்டுகள் ஓர் ஊர் தன் உடம்பை நம்பி ஒப்படைத்த பிறகு, சில நிமிடத் தேடலில் வெளிவந்த உண்மை அது.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். நோயாளிகளின் மரணத்துக்காக 2010-இல் அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனையை 2012-இல் ஆஸ்திரேலிய உச்சநிலை நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் பொய் சொல்லிப் பதிவும் வேலையும் பெற்ற குற்றத்தை 2013-இல் அவரே ஒப்புக்கொண்டார். கத்தியைப் பற்றிய வழக்கு எப்படிப் போனாலும், தாளைப் பற்றிய வழக்கு அசையாமல் நின்றது. நம் வேலை அந்தத் தாளில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் இந்த நாற்காலிக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். வெளிநாட்டுத் தகுதியோடு நம்மிடம் வருபவர்களில் பெரும்பாலோர் சீனா, ரஷ்யா, உக்ரைன், பிலிப்பைன்ஸ், ஜார்ஜியா என்று போய்ப் படித்துத் திரும்பிய நம் வீட்டுப் பிள்ளைகள். இங்கே படித்து, பிரிட்டனிலோ வளைகுடாவிலோ பல ஆண்டு வேலை பார்த்துத் திரும்புபவர்கள் அடுத்த வகை. பயிலரங்குக்கும் இலவச முகாமுக்கும் வரும் வெளிநாட்டுக் குடிமக்கள் மிகச் சிலர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் நேர்மையானவர்கள், கடனை வாங்கிப் படித்தவர்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தச் சரிபார்ப்பு. பண்டபர்க்குக்குப் பிறகு, எந்தத் தவறும் செய்யாத எத்தனையோ வெளிநாட்டு மருத்துவர்களைக் குவீன்ஸ்லாந்து நோயாளிகள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். ஒரு கோப்பில் விட்ட பிழை அத்தனை பேர் தலையிலும் விழுந்தது.

நான் நம்பும் விதி ஒன்றே. தாளைக் கொண்டுவந்தவரிடம் தாளின் உண்மையைக் கேட்காதீர்கள். தாளை எழுதிய இடத்திடம் நீங்களே கேளுங்கள். இனி வரும் படிகளெல்லாம் அதைச் செய்யும் வழிகள்தான்.

முதல் படி: வந்திருப்பவர் யார்?

சான்றிதழைத் தொடும் முன் ஆளைப் பாருங்கள். இந்தியாவில் ஒரு மருத்துவரின் கடவுச்சீட்டையும் சான்றுகளையும் திருடிக்கொண்டு ஆஸ்திரேலியா போன ஒருவர், அந்த மருத்துவரின் பெயரிலேயே பதிவு பெற்று, நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசு மருத்துவமனைகளில் 2003 முதல் 2014 வரை வேலை பார்த்தார். பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டிருந்தால் ‘ஆம், எங்கள் மாணவர்தான்’ என்றே பதில் வந்திருக்கும். பட்டம் உண்மை, பதிவு உண்மை, ஆள் மட்டும் வேறு.

அதனால் கடவுச்சீட்டின் மூலப் பிரதியை நேரில் வாங்கிப் பாருங்கள். காலாவதியான பழைய கடவுச்சீட்டும் இருந்தால் கேளுங்கள். ரஷ்யாவில் ஆறு ஆண்டு படித்தவரின் பழைய கடவுச்சீட்டில் அந்நாட்டு விசாவும் வந்துபோன முத்திரைகளும் இருக்கும். படித்த ஆண்டுகளோடு அவை ஒத்துப்போக வேண்டும். இந்த ஒன்றே பல சந்தேகங்களைத் தீர்த்துவிடும். பல்கலைக்கழகத்துக்கு எழுதும்போது, அவர்களிடம் இருக்கும் சேர்க்கைப் புகைப்படத்தோடு ஒப்பிடச் சொல்லி, மருத்துவரின் ஒப்புதலோடு படத்தையும் அனுப்புங்கள். எல்லாப் பல்கலைக்கழகங்களும் செய்யமாட்டார்கள், செய்பவர்களும் உண்டு.

பெயரில் நாம் கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டும், ஏனென்றால் தமிழ்ப் பெயர் வெளிநாட்டுக் காகிதத்தில் படாத பாடு படும். பத்தாம் வகுப்புச் சான்றில் முதலெழுத்தோடு இருக்கும் பெயர், கடவுச்சீட்டில் தந்தை பெயரைக் குடும்பப் பெயராக ஏந்திக்கொண்டு நிற்கும். சீனப் பல்கலைக்கழகம் வரிசையை மாற்றித் தந்தை பெயரை முன்னால் போட்டிருக்கும். ரஷ்ய எழுத்தில் ‘ஜ’ ஒலிக்குத் தனி எழுத்து கிடையாது. இரண்டு எழுத்துகளைச் சேர்த்துத்தான் எழுதுவார்கள். விஜயராஜ் என்ற பெயரை அப்படி எழுதி, மறுபடி ஆங்கில எழுத்துக்குக் கொண்டுவரும்போது, ஒவ்வொரு ‘ஜ’வும் டி, இசட், எச் என்ற மூன்று எழுத்துகளாக வந்து உட்காரும். முதன்முதலாக அப்படியொரு மதிப்பெண் பட்டியலைப் பார்த்தபோது, இது யாருடையது என்றே எனக்குப் புரியவில்லை. அந்தப் பையன் வியர்த்துப்போய் எதிரே உட்கார்ந்திருந்தான். பெயர் வேறுபட்டால் மோசடி என்று முடிவுகட்டாதீர்கள். பிறந்த தேதி, கடவுச்சீட்டு எண், சேர்க்கை எண் மூன்றையும் ஒப்பிடுங்கள். இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று பல்கலைக்கழகத்திடமே ஒரு கடிதம் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

இரண்டாம் படி: பட்டம் எங்கிருந்து வந்தது?

உலக மருத்துவக் கல்லூரிகளின் அடைவு ஒன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கல்லூரியின் பெயர் அதில் இருக்கிறதா, எந்த ஆண்டு தொடங்கியது, இப்போது இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். ஆனால் அடைவில் பெயர் இருப்பது தரச் சான்றாகாது. அப்படி ஒரு கல்லூரி இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது.

அடுத்து, பட்டத்தின் பெயர். நம் ஊர் நோயாளிகள் அதிகம் ஏமாறும் இடம் இது. ரஷ்யாவிலும் உக்ரைனிலும் ஜார்ஜியாவிலும் பிலிப்பைன்ஸிலும் பள்ளி முடித்துப் போகிறவர் பெறும் அடிப்படைப் பட்டத்துக்கே எம்.டி. என்ற பெயர் வழங்குகிறது. அது நம் எம்.பி.பி.எஸ்.ஸுக்குச் சமம். இங்கே எம்.டி. என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து மேலும் மூன்று ஆண்டு படித்த பொது மருத்துவரோ குழந்தை மருத்துவரோ என்றுதான் மக்கள் நினைக்கிறார்கள். வெளிநாட்டு எம்.டி.யை அடைப்புக்குறியில் நாட்டின் பெயரோடு பலகையில் எழுதிவிட்டால் பார்ப்பவர்கள் கூடுதலாகவே மதிக்கிறார்கள். நியமனக் கடிதம், பெயர்ப்பலகை, மருந்துச் சீட்டு மூன்றிலும் இந்தியப் பதிவில் உள்ள தகுதியை மட்டுமே அச்சிட விடுங்கள். எந்த மருத்துவர் முகம் சுளித்தாலும் இதில் நான் விட்டுக்கொடுத்ததில்லை.

பிறகு, பல்கலைக்கழகத்துக்கு நேரே எழுதுங்கள். சான்றிதழில் அச்சாகியிருக்கும் தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் பயன்படுத்தவே கூடாது. போலி செய்பவர் முதலில் மாற்றுவது அதைத்தான். பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தைத் தனியாகத் தேடி, அங்கே உள்ள பதிவாளர் அலுவலக முகவரிக்கு எழுதுங்கள். பதில் எந்த முகவரியிலிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள்; ஜிமெயிலிலிருந்து எந்தப் பதிவாளரும் பதில் எழுதமாட்டார். சில நாடுகளில் கோடை விடுமுறை என்றால் அலுவலகமே பூட்டிக்கிடக்கும். காத்திருங்கள்.

நோட்டரி முத்திரையும், ஆவணம் வேறு நாட்டில் செல்ல அரசு தரும் அப்போஸ்டில் தாளும் இருக்கிறதே என்பார்கள். சான்றில் இருக்கும் கையெழுத்தும் முத்திரையும் இன்ன அதிகாரியுடையவை என்பதோடு அவற்றின் பொறுப்பு முடிந்துவிடும். உள்ளே எழுதியிருப்பது உண்மையா என்று அவை சொல்வதில்லை. சான்றை வழங்கிய இடத்திடமே கேட்டுச் செய்து முடித்த மூலச் சரிபார்ப்பு அறிக்கை இருந்தால் அது வேறு. அமெரிக்காவில் 1956 முதல் இயங்கும் ஈ.சி.எஃப்.எம்.ஜி. அமைப்பு வெளிநாட்டு மருத்துவப் பட்டங்களைப் பல்கலைக்கழகத்திடமே கேட்டுச் சரிபார்க்கிறது. வளைகுடா நாடுகளுக்குப் போனவர்களிடம் டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு நிறுவனத்தின் அறிக்கை இருக்கும். அவற்றையும் மருத்துவர் கையிலிருந்து அச்சுப் பிரதியாக வாங்காதீர்கள். அந்த நிறுவனத்தின் வழியாகவே பெறுங்கள்.

ஒரு கடிதம் எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டனைப் பாருங்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகப் பட்டம் என்று போலிச் சான்று காட்டி, சோலியா அலெமி என்ற பெண் 1995-இல் பிரிட்டனில் மருத்துவராகப் பதிவு பெற்றார். காமன்வெல்த் நாடுகளில் படித்தவர்களுக்குத் தேர்வு இல்லாத ஒரு வழி அப்போது இருந்தது. 2003-இல் அதை மூடிவிட்டார்கள். அவர் உள்ளே வந்தது அதன் வழியாகத்தான். மனநல மருத்துவராக ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வேலை பார்த்தார். நோயாளியான ஒரு மூதாட்டியின் உயிலைப் போலியாகத் தயாரித்த வழக்கில் 2018-இல் சிறைக்குப் போன பிறகு, உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஒருவர் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைக் கேட்டார். அவர் அங்கே மருத்துவப் பட்டமே பெறவில்லை. அதே வழியில் பதிவு பெற்ற சுமார் 3,000 மருத்துவர்களின் கோப்புகளைப் பிரிட்டன் மருத்துவக் கவுன்சில் மறுபடி திறந்து பார்க்க வேண்டி வந்தது. 2023-இல் மான்செஸ்டர் நீதிமன்றம் அலெமிக்கு ஏழாண்டு சிறைத் தண்டனை விதித்தது. ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக மனநல மருத்துவமனையில் அடைத்துவைக்கும் முடிவில் மனநல மருத்துவரின் சொல்லுக்கு எவ்வளவு எடை உண்டு என்று நினைத்துப் பாருங்கள்.

உக்ரைனில் படித்தவர்களுக்காக ஒரு வார்த்தை. 2022 பிப்ரவரியில் போர் தொடங்கியதும் படிப்பு பாதியில் நின்றது. பட்டத்தை உக்ரைன் பல்கலைக்கழகமே தர வேண்டும் என்ற நிபந்தனையோடு, வேறு நாட்டில் படிப்பைத் தொடர இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் ஒப்புக்கொண்டது. ஆகவே பட்டம் ஒரு நாட்டிலும் கடைசி ஆண்டுகள் இன்னொரு நாட்டிலும் இருந்தால் உடனே புருவத்தை உயர்த்த வேண்டாம். இரண்டு இடங்களுக்கும் எழுதுங்கள், அவ்வளவுதான்.

மூன்றாம் படி: இந்தியாவில் பதிவு

வெளிநாட்டில் அடிப்படைப் பட்டம் பெற்ற இந்தியர் இங்கே பதிவு பெற, 2002 முதல் நடைமுறையில் இருக்கும் எஃப்.எம்.ஜி.இ. என்ற தகுதித் தேர்வில் தேற வேண்டும். 300 கேள்விகள், தேற 150 மதிப்பெண். தேசிய மருத்துவ அறிவியல் தேர்வு வாரியம் ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது. ஐந்தில் ஒருவர்தான் தேறினார் என்ற அளவில் பல முறை முடிவுகள் வந்திருக்கின்றன. ஆறு ஆண்டுப் படிப்பு, பல லட்சம் கடன், வீட்டில் கேட்கும் கேள்விகள் எல்லாம் சேர்ந்து நெருக்கும்போது குறுக்கு வழி காட்டும் தரகர்கள் எங்கிருந்தோ முளைப்பார்கள். தேர்வில் தேறாமலேயே 73 பேர் பல மாநில மருத்துவக் கவுன்சில்களில் பதிவு பெற்றுவிட்டதாக 2022 டிசம்பரில் சி.பி.ஐ. வழக்குப் பதிந்து, நாடு முழுவதும் 91 இடங்களில் சோதனை நடத்தியது.

அதனால் பதிவு எண் இருக்கிறது என்பதோடு நிற்காதீர்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் இந்திய மருத்துவப் பதிவேட்டைத் தேடலாம். தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் பதிவேட்டையும் தேடலாம். பெயர், தந்தை பெயர், தகுதி, பல்கலைக்கழகம், ஆண்டு எல்லாவற்றையும் சான்றோடு ஒப்பிடுங்கள். வேறு மாநிலப் பதிவோடு வந்தால் அந்த மாநிலக் கவுன்சிலுக்கு எழுதுங்கள். எஃப்.எம்.ஜி.இ. தேர்ச்சியைத் தேர்வு வாரியத்திடமே உறுதி செய்யுங்கள். பதிவு தற்காலிகமா நிரந்தரமா என்பதைக் கட்டாயம் பாருங்கள். உள்ளகப் பயிற்சிக்காகத் தற்காலிகப் பதிவு வைத்திருப்பவரை இரவுப் பணியில் தனியாக நிறுத்தும் மருத்துவமனைகளை நான் கண்டிருக்கிறேன். பதிவு இல்லாமல் மருத்துவம் பார்த்தால் ஓராண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் சொல்கிறது.

2021 நவம்பரில் வந்த விதிகள் அதற்குப் பிறகு வெளிநாடு போய்ச் சேர்ந்தவர்களுக்குப் பொருந்தும்: ஆங்கில வழியில் குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி, இந்தியாவில் மேலும் 12 மாதப் பயிற்சி, படித்த நாட்டில் மருத்துவராகத் தொழில் செய்யும் தகுதி. இந்தக் கோப்புகள் இனித்தான் அதிகமாக வரப்போகின்றன. விதியை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

வெளிநாட்டுக் குடிமகன் என்றால், எவ்வளவு புகழ்பெற்றவரானாலும், ஒரே ஒரு நாள் முகாமானாலும், தேசிய மருத்துவ ஆணையத்தின் தற்காலிக அனுமதி கையில் வரும் வரை நோயாளியைத் தொடக் கூடாது. அழைப்பிதழ் அச்சடித்துவிட்டோம் என்பது காரணம் ஆகாது.

நான்காம் படி: வேலை பார்த்த ஒவ்வோர் இடமும்

பண்டபர்க் கோப்பு கோட்டைவிட்ட படி இது. மருத்துவர் எந்தெந்த நாட்டில், மாநிலத்தில் பதிவு பெற்றிருந்தாரோ அத்தனை இடத்தையும் பட்டியலிடுங்கள். கடைசி இடத்தை மட்டும் கேட்டால் அதற்கு முந்தைய இடத்தில் நடந்தது தெரியாமலே போகும்.

வீட்டிலிருந்தே பார்க்கக்கூடிய பதிவேடுகள் பல. பிரிட்டன் மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் ஏழு இலக்க எண்ணைக் கொடுத்தால் மருத்துவரின் நிலை வரும். அங்கே ஒரு நுணுக்கம் உண்டு: பதிவு இருக்கலாம், தொழில் செய்யும் உரிமம் இல்லாமல் இருக்கலாம். பதிவு இருப்பதைப் பார்த்ததும் மூடிவிடாமல் கடைசி வரி வரை படியுங்கள். ஆஸ்திரேலியாவில் 2010 முதல் நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு இருக்கிறது. மருத்துவர் மீது விதித்த நிபந்தனைகளையும் அதில் காட்டுவார்கள். அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு வாரியம். எல்லா மாநில வாரியங்களும் சேர்ந்த கூட்டமைப்பின் தேடல் பக்கத்தில் தொடங்கி, அங்கிருந்து ஒவ்வொரு மாநிலப் பக்கத்துக்கும் போங்கள்.

பிறகு, ‘குட் ஸ்டாண்டிங்’ என்று அலுவலகத்தில் நாம் சொல்லும் நன்னிலைச் சான்று. இவர் மீது நடவடிக்கை ஏதும் இல்லை என்று அந்நாட்டு மருத்துவக் கவுன்சில் எழுதித் தருவது. அது அந்தக் கவுன்சிலிலிருந்து நேரே வர வேண்டும், மருத்துவரின் கை வழியாக வரக் கூடாது. பிரிட்டன் சான்று மூன்று மாதத்துக்குத்தான் செல்லும். பழையதை ஏற்காதீர்கள், அதற்கும் இன்றைக்கும் நடுவே என்ன நடந்தது என்று யாருக்குத் தெரியும்?

சான்று வந்ததும் பக்கங்களை எண்ணுங்கள். ‘பக்கம் 1 / 3’ என்றிருந்தால் மூன்று பக்கமும் இருக்க வேண்டும். ‘இணைப்பைக் காண்க’, ‘ஆணை கோப்பில் உள்ளது’, ‘நிபந்தனைக்கு உட்பட்டு’ என்ற சொற்களைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். வட்டமிட்ட ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ஒரு தாள் வந்து சேரும் வரை கோப்பை மூடாதீர்கள். நிபந்தனை இருந்தால் உடனே வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. உடல்நலக் குறைவுக்காகவோ பயிற்சிக்காகவோ விதித்ததாக இருக்கலாம். ஆனால் தலைமை மருத்துவர் அதைப் படித்துவிட்டு எடுக்க வேண்டிய முடிவு அது. அவர் கண்ணில் படாமல் போகக் கூடாது.

ஐந்தாம் படி: சிறப்புத் தகுதி என்று சொல்வது

பெயருக்குப் பின்னால் நீளும் எழுத்துகளில்தான் அதிக மயக்கம். பிரிட்டனின் ராயல் கல்லூரி ஒன்றின் உறுப்பினர் தேர்வில் தேறுவது பெருமைக்குரியதே. ஆனால் அங்கே ஒருவர் சிறப்பு மருத்துவராகப் பணியாற்ற, அதற்குப் பிறகும் பல ஆண்டுப் பயிற்சி முடித்து, சிறப்பு மருத்துவர் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். எனவே அந்நாட்டில் இத்துறையின் சிறப்பு மருத்துவராக இவர் பதிவு பெற முடியுமா என்று கேளுங்கள். பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளின் முதுநிலைத் தகுதிகளை இந்தியா ஏற்பதும் இந்த அளவுகோலை வைத்துத்தான்.

‘லண்டனில் பணியாற்றியவர்’ என்ற வரிக்குப் பின்னால் ஆறு வார அப்சர்வர்ஷிப் இருக்கலாம். அப்சர்வர் என்றால் அறுவை அரங்கின் ஓரத்தில் நின்று பார்ப்பவர். நோயாளியைத் தொட அவருக்கு அனுமதியே கிடையாது. ‘ஃபெலோ’ என்ற சொல் இரண்டாண்டுக் கடும் பயிற்சியையும் குறிக்கிறது, வார இறுதிப் பயிலரங்கையும் குறிக்கிறது. எவ்வளவு காலம், யாருக்குக் கீழ், நோயாளியைத் தொட்டாரா, தானே செய்த அறுவைகள் எத்தனை என்று நான்கு கேள்வி கேளுங்கள். அறுவைக் குறிப்பேட்டை வாங்கி, அதில் கையெழுத்திட்ட மேற்பார்வையாளரிடம் உறுதி செய்யுங்கள். எண்ணிக்கையை நீங்கள் பார்க்கலாம். அதன் தரத்தை அதே துறையில் இருக்கும் மூத்த மருத்துவர்தான் பார்க்க வேண்டும். அவரைக் கூட உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.

மத்தியப் பிரதேசத்தின் தமோ நகர மருத்துவமனை ஒன்றில், லண்டனைச் சேர்ந்த புகழ்பெற்ற இதய மருத்துவர் ஒருவரின் பெயரைப் போன்ற பெயரோடு இதய சிகிச்சை செய்துவந்தவர், போலி மருத்துவர் என்ற குற்றச்சாட்டில் 2025 ஏப்ரலில் கைதானார். அவரிடம் சிகிச்சை பெற்றவர்களில் பலர் இறந்ததாகப் புகார். அந்த லண்டன் மருத்துவரின் பெயரும் படமும் இணையத்தில் யாருக்கும் கிடைக்கக்கூடியவை.

ஆறாம் படி: இடைவெளிகளும் பரிந்துரைகளும்

பள்ளி முடித்த மாதத்திலிருந்து இன்று வரை ஒரு வெள்ளைத் தாளில் மாதம் மாதமாக எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் வெற்றிடம் இருந்தால் கேளுங்கள். பிரசவம், தந்தையின் நோய், தேர்வுக்குப் படித்த காலம் என்று பெரும்பாலும் இயல்பான காரணம்தான் வரும். நேர்மையானவர் எரிச்சல்படாமல் சொல்லிவிடுவார். ஆண்டை மட்டும் எழுதி மாதத்தை விட்டிருந்தால், அங்கே கொஞ்சம் நில்லுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தில் உள்ள கைப்பேசி எண்ணை அழைக்காதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றின் துறைத்தலைவர் எழுதியதாக அழகான ஒரு கடிதம் வந்தது. கனத்த தாள், புடைப்பு முத்திரை. அடியில் இருந்த எண்ணை அழைத்துப் பேசிய என் சக ஊழியர், மிக நன்றாகச் சொன்னார் என்று குறிப்பெழுதி வைத்தார். மறுநாள் நான் அந்த மருத்துவமனையின் பொது எண்ணைத் தேடி அழைத்து, இணைப்பு மாற்றி இணைப்பு மாற்றி அந்தத் துறைக்குப் போனேன். கடிதத்தின் தேதிக்கு எட்டு மாதம் முன்பே அந்தத் துறைத்தலைவர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். முந்தின நாள் பேசியவர் யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. வந்திருந்தவர் ஆவணங்களை எடுத்துக்கொண்டு போனார், திரும்பவில்லை. அன்றைக்கு என் கை நடுங்கியது. அடுத்த திங்கள்கிழமை அவருக்கு அறுவைப் பட்டியல் போட்டிருந்தோம்.

பரிந்துரைப்பவரிடம் ‘எப்படிப்பட்டவர்’ என்று பொதுவாகக் கேட்டால் ‘நல்லவர்’ என்பார். ‘உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்த அறுவை தேவைப்பட்டால் இவரிடம் ஒப்படைப்பீர்களா?’ என்று கேளுங்கள். பதிலுக்கு முன் வரும் மௌனத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: பதில் வரும் வரை

நிர்வாகம் அவசரப்படும். புறநோயாளிப் பிரிவில் கூட்டம், விளம்பரம் போயாயிற்று, இரவுப் பணிக்கு ஆள் இல்லை. நிபந்தனையோடு சேர்த்துக்கொள்வோம், பதில் பிறகு வரட்டும் என்பார்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் அப்படித்தான் ஒருவரைச் சேர்த்தார்கள். பல்கலைக்கழகத்தின் பதில் பதினொரு வாரம் கழித்து வந்தது. அவரது பட்டம் உண்மையானதுதான். ஆனால் அந்தப் பதினொரு வாரமும் அவர் கையெழுத்திட்ட ஒவ்வொரு மருந்துச் சீட்டையும் பார்க்கும்போது எனக்கு வயிற்றைப் பிசையும். எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள். மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்: “டாக்டர், உங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்ததும் நானே அழைக்கிறேன். அதுவரை நோயாளிகளைப் பார்க்க வேண்டாம். எல்லாருக்கும் இதே முறைதான்.” கடைசி வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும். சீனாவில் படித்தவருக்கு ஒரு முறை, லண்டனிலிருந்து வந்தவருக்கு ஒரு முறை என்று வைத்திருந்தால் அந்த வாக்கியத்தைச் சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை. ஓரிகனிலிருந்து வந்தவரிடம்தான் பண்டபர்க் ஏமாந்தது.

சேர்ந்த பிறகு முதல் மூன்று மாதம் மூத்த மருத்துவர் ஒருவரின் பார்வையில் வேலை பார்க்கட்டும். எங்கள் கோப்பின் கடைசித் தாளை வெறுமையாக வைத்திருக்கிறோம். முப்பதாம் நாளும் அறுபதாம் நாளும் தொண்ணூறாம் நாளும் அந்த வார்டின் பொறுப்புச் செவிலியரைக் கேட்டு, அவர் சொல்வதை அவர் கையாலேயே அதில் எழுத வைக்கிறோம். அறுவைக்குப் பிறகு காய்ச்சல் எத்தனை பேருக்கு வந்தது, யாரைத் திரும்ப அரங்குக்கு எடுத்துப்போனார்கள், இரவில் கூப்பிட்டால் வருகிறாரா என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. தாளை நியமனப் பிரிவே வாங்குகிறது. அந்த மருத்துவரின் துறைத்தலைவர் வழியாக அது வருவதில்லை.

நோயாளியாகவோ நோயாளியின் வீட்டாராகவோ இதைப் படிப்பவர்களுக்கு

மருத்துவர் தன் பதிவு எண்ணைக் கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் குறிப்பிட வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் தொழில் நெறிமுறை விதி. அந்த எண்ணை எடுத்து மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டில் தேடுங்கள். பலகையில் உள்ள பட்டமும் பதிவேட்டில் உள்ள பட்டமும் ஒன்றா என்று பாருங்கள். வெளிநாட்டு எம்.டி. என்றிருந்தால், அது அடிப்படைப் பட்டமா முதுநிலையா என்று வரவேற்பிலேயே கேட்கலாம். கேட்பதில் தவறே இல்லை. எண் எங்கும் இல்லை என்றாலோ, பதிவேட்டில் வேறு பெயர் வந்தாலோ, தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கோ மாவட்ட சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கோ எழுத்தில் புகார் கொடுங்கள். மருந்துச் சீட்டின் நகலை இணையுங்கள். இணைப்பு எத்தனை பக்கம் என்பதைக் கடிதத்திலேயே எழுதுங்கள்.